கையில் கடதாசி இல்லாமல் வந்தவர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போயிருந்தேன். நான் பிறந்த தோட்டம். ஹட்டனில் நோட்டன் பிரிட்ஜ் பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கி, தேயிலைக்கு நடுவே மேட்டில் நடக்க வேண்டும். சின்ன வயதில் ஓடியே ஏறுவேன். இப்போது அங்கங்கே நின்று இயற்கையை ரசிப்பதுபோல் நடிக்கிறேன். மூச்சு வாங்குவது வெளியே தெரியக் கூடாதே!

வரிசை வீடுகளான லயத்து வாசலுக்குப் போனதுமே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

ஏன்? லயம் சுத்தமாக இருந்தது.

சாக்கடைக் கான் அள்ளியிருந்தார்கள். வாசலில் சாணி தெளித்துக் கோலம். கோழிகளைக் கூட்டில் அடைத்திருந்தார்கள். திருவிழா இல்லை. எலெக்‌ஷன் இல்லை. யாருக்கும் கல்யாணமும் இல்லை. பிறகு எதற்கு இந்த அலங்காரம்?

என் தங்கை கமலா இன்னும் அந்த லயத்தில்தான் இருக்கிறாள். கொழுந்து பறிக்கிறாள்.

“என்னடி இது? மந்திரி யாரும் வர்றாரா?” என்று கேட்டேன்.

“வீட்டுத் திட்டத்துக்கு ஆள் வந்திருக்காருக்கா. நேத்து வந்து எல்லாத்தையும் விசாரிச்சிட்டுப் போனாரு. மறுபடியும் வருவாராம்.”

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தோட்டத்து வாழ்க்கை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களிடம் தங்கம் தருகிறேன் என்றால்கூடச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். தனி வீடு என்றால் நின்று கேட்பார்கள். பக்கத்துக் காம்பராவின் இருமலும் சண்டையும் கேட்காத ஒரு வீடு... மேலே ஒழுகாத ஒரு கூரை... எங்கள் தோட்டத்தில் அதற்கு அடிக்கல்கூட நாட்டியிருக்கிறார்கள். அடிக்கல்லைச் சுற்றிப் புல் வளர்ந்து, அதை மாடு மேய்ந்து, மறுபடியும் வளர்ந்து நிற்கிறது.

“வந்தவர் யாரு? எந்த ஆபீஸ்?”

“அதெல்லாம் சொல்லலக்கா. வெள்ளைச் சட்டை, நல்ல சப்பாத்து, கையில ஒரு குடை. மரியாதையான ஆளு.”

“பைல் கொண்டு வந்தாரா?”

கமலா யோசித்தாள். “இல்ல. கையில ஒரு கடதாசிகூட இல்ல.”

அரசாங்க ஆள், கடதாசி இல்லாமலா? என் அனுபவத்தில் அரசாங்க ஆளை மனிதனாக்குவதே கடதாசிதான். அது இல்லாமல் ஒருவர் தோட்டத்துக்குள் வந்து விசாரிக்கிறார் என்றால்...

“என்ன கேட்டாரு?”

கமலா சொல்லச் சொல்ல எனக்கு நெற்றி சுருங்கியது. இந்த லயத்தில் யார் யார் எந்தப் பக்கம் இருக்கிறார்கள்? மேல் லயத்துக்காரர்கள் கீழ் லயத்தில் பெண் எடுப்பதுண்டா? கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு? காவடி யார் எடுப்பார்கள்? தப்பு மேளம் யார் அடிப்பார்கள்?

“வீடு கட்டுறதுக்குத் தப்பு எதுக்குடி?”

“அதான் எனக்கும் விளங்கலக்கா.”

விளங்காதது அவளுக்கு மட்டுமில்லை. லயத்தில் ஆளுக்கொரு சந்தேகம். எங்கோ கடன் வாங்கியிருந்த ஒருவர், இவன் லோன் கம்பெனி ஆள் என்று பின்கதவால் மலைக்கு ஏறிவிட்டார். வீட்டுக்குப் பின்னால் ரகசியமாக ஏதோ காய்ச்சும் இன்னொருவர், பானையைத் தேயிலைக்குள் ஒளித்து வைத்துவிட்டார். தொழிற்சங்கத்துக்காரர், இது எதிர்ச் சங்கத்தின் வேலை என்றார். பயமும் அவரவர் தகுதிக்குத்தான் கிடைக்கிறது!

சிரிக்காதீர்கள். எங்கள் சனம் சும்மா சந்தேகப்படவில்லை. வெள்ளைக்காரத் துரை ஆள் எண்ணினார், வேலைக்காக. சுதந்திரம் வந்தது. மறுபடியும் எண்ணினார்கள். இந்த முறை யார் இந்த நாட்டுக்காரர் இல்லை என்று பார்ப்பதற்காக. என் அப்பா அப்போது சிறுபிள்ளை. பிறந்த மண்ணிலேயே நாடில்லாதவர் ஆனார். யாராவது வந்து “உங்க பேரு என்ன?” என்று கேட்டால், எங்கள் பெரியவர்கள் முதலில் “எதுக்கு?” என்பார்கள். பெயர் அப்புறம்தான் வரும்.

பின்னேரம் கீழே ரோட்டுச் சந்திக் கடைக்குப் போனேன். சோமே முதலாளியின் கடை. சிங்களவர். நான் பாவாடை சட்டையோடு மிட்டாய் வாங்கப் போன காலத்திலிருந்து தெரியும். தோட்டத்துத் தமிழ் பேசுவார், கொஞ்சம் தன் போக்கில்.

அந்தக் குடை மனிதர் அங்கேதான் பெஞ்சில் உட்கார்ந்து பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். நெற்றியில் விபூதி. சிரித்த முகம். எனக்கு இந்தச் சிரித்த முகங்களைக் கண்டால்தான் கொஞ்சம் பயம்.

சோமே முதலாளி என்னை அருகே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். “டீச்சர், இவர் வூடு கட்ற ஆள் இல்ல. வூடு கட்ற ஆள் வந்தா தண்ணி எங்க, ரோட் எங்க கேக்கும். இவர் ஆள் மட்டும்தான் கேக்குது.”

நான் ஒரு பிளேன்டி சொல்லிவிட்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவராகவே பேச்சுக் கொடுத்தார்.

“டீச்சருங்களா? ரொம்ப சந்தோசம். இந்தத் தோட்டமா?”

“பிறந்தது இங்க. இப்ப ஹட்டன் டவுன்.”

“அப்படின்னா எல்லாரையும் தெரியும். அங்க லயத்துல தெய்வானைன்னு ஒரு அம்மா... மக ஒண்ணு நர்ஸா இருக்காமே. அந்தக் குடும்பம் எப்படி?”

எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. வீடுமில்லை, திட்டமுமில்லை. இது பெண் விசாரணை!

தெய்வானை என் வயதுக்காரி. ஒன்றாகப் படித்தோம். நான் படிப்பைத் தொடர்ந்தேன், அவள் கூடை தூக்கினாள். அவள் மகள் கௌசல்யா. லயத்தில் எல்லோருக்கும் கௌசி. என்னிடம் படித்த பிள்ளை. இப்போது அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். சில மாதங்களுக்கு முன் அவளுடைய வார்டில் ஹட்டன் டவுன் கடைக்காரக் குடும்பத்து அம்மா ஒருவர் காலில் புண்ணோடு கிடந்தார். சீனி வருத்தம். சர்க்கரை நோயால் லேசில் ஆறாத புண். கௌசிதான் தினமும் கழுவிக் கட்டுப் போட்டாள். அந்த அம்மா டிக்கெட் வெட்டி வீட்டுக்குப் போகும்போது கௌசியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். “நீ என் வீட்டுக்கே வந்துரும்மா” என்றாராம். அவருடைய ஒரே மகன் தினேஷ் கொழும்பில் கம்ப்யூட்டர் வேலை. அம்மாவைப் பார்க்க வந்து வந்து, பிறகு கௌசியைப் பார்க்கவே வந்தான். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. பெண் கேட்டது அந்த அம்மாதான். தெய்வானை சம்மதித்துவிட்டாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

புண்ணைக் கழுவிய கையைப் பற்றி அப்போது எந்தச் சந்தேகமும் வரவில்லை. வீட்டுக்குப் போனதும் வந்திருக்கிறது.

“தங்கமான பிள்ளை. என்கிட்டதான் படிச்சது. அதுக்கு மேல என்ன தெரியணும்?” என்றேன்.

“பிள்ளையப் பத்திக் கேள்வியே இல்லிங்க. அவங்க பெரியவங்க... தாத்தா, பாட்டன்... அவங்க என்ன ஆளுங்க?”

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். எங்கள் வீட்டுக்கும் தெய்வானை வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஆனால் அவள் அம்மா எங்கள் அடுப்படிக்குள் வந்ததில்லை. ஏனென்று சின்ன வயதில் கேட்டபோது எனக்கு யாரும் பதில் சொல்லவுமில்லை. எல்லோரும் ஒரே பஞ்சத்துக்குத் தப்பி, ஒரே கப்பலில் வந்து, ஒரே காட்டு வழியில் நடந்து மலை ஏறியவர்கள்தான். ஆனால் கங்காணி ஆள் திரட்டிக் கூட்டி வந்தபோது ஊர்ச் சாதியும் மூட்டையோடு மூட்டையாக வந்துவிட்டது. துரை அதை அவிழ்த்துக் கொட்டச் சொல்லவில்லை. அவருக்கு அது வசதி. உச்சியில் பங்களா, நடுவில் கிளாக்கர் குவாட்டர்ஸ், பள்ளத்தில் லயம். லயத்துக்குள்ளும் மேல் லயம், கீழ் லயம். துரை கப்பல் ஏறிப் போய்விட்டார். அவர் வைத்த வரிசை அப்படியே இருக்கிறது.

“எனக்குத் தெரியாதுங்க” என்றேன்.

அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அதே சிரிப்பு.

“தெரியாதுன்னு சொன்னாலே தெரியுதே, டீச்சர். நாளைக்கு வந்து பெரிய ஆளுங்ககிட்ட ஒருக்கா உறுதிப்படுத்திக்கிறேன்.”

எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. காப்பாற்றுவதாக நினைத்து, நானே காட்டிக் கொடுத்துவிட்டேனா?

மேலே ஏறிப் போய்ச் சொன்னேன். லயம் முழுக்க இஸ்தோப்புத் திண்ணையில் கூடிவிட்டது. வீடு வரப்போவதில்லை என்று தெரிந்ததும் எல்லோரும் தெய்வானையைப் பார்த்தார்கள். தெய்வானை முதல் நாள் அந்த மனிதரைக் கைபிடித்து அழைத்துப் போய், சுவரில் வெடிப்பைக் காட்டியிருக்கிறாள். மழைக்கு ஒழுகும் இடத்தைக் காட்டியிருக்கிறாள். பிஸ்கட் வாங்கி வைத்துத் தேத்தண்ணி கொடுத்திருக்கிறாள்.

அவள் அழவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“சாதி விசாரிக்க வந்தான், சரி. அது பழகிப்போன விசயம். வீடு தர்றேன்னு எதுக்குச் சொன்னான், சாந்தி?”



மறுநாள் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். மத்தியானம் கமலாவிடமிருந்து போன். சிரிப்பை அடக்க முடியாமல் பேசினாள். அந்த மனிதர் மறுபடியும் வந்திருக்கிறார். லயம் அவரை வரவேற்றிருக்கிறது, தன் பாணியில்.

முதலில் தொழிற்சங்கத்துக்காரர். “தெய்வானை குடும்பமா? பெரிய கங்காணி பரம்பரை சார்! அவங்க பாட்டன் குதிரையிலதான் போவாராம்” என்றிருக்கிறார்.

அடுத்த வாசலில் ஒரு பெண், “அவங்க பூசாரி வம்சமுங்க. வீட்டுல முட்டைகூட உடைக்க மாட்டாங்க” என்றிருக்கிறாள். அந்த நேரம் பார்த்துத் தெய்வானையின் அடுப்பில் கருவாடு பொரிந்துகொண்டிருந்ததாம். லயம் முழுக்க வாசனை!

கடைசிக் காம்பராவில் அந்தோனி அண்ணன். வீட்டில் மாதா படத்துக்கு விளக்கு வைக்கிறவர். “தெய்வானை எங்க சித்தப்பா மக. நாங்க எல்லாம் வேதக்காரங்க” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

“மனுசன் தலையைப் பிடிச்சிக்கிட்டே இறங்கிப் போனாருக்கா! குடைய மறந்து வச்சிட்டுப் போயிட்டாரு!”

நானும் ஸ்டாஃப் ரூமில் தனியாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இரண்டு நாளுக்குத்தான். தினேஷின் அம்மா தெய்வானைக்குப் போன் செய்தார். “விசாரிச்ச வரைக்கும் ஒண்ணும் சரியா வரல. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. மறைக்கிற மாதிரி இருக்கு. கொஞ்சம் தள்ளிப் போடுவோமே...”

பாருங்கள். பொய்யான காரணம் சொல்லி உளவு பார்க்க ஆள் அனுப்பியது அவர். மறைக்கிறவர்கள் நாங்கள்!

அன்று மாலை கௌசி டியூட்டி முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். லயத்துக்காரர்கள் சொன்ன கதைகளை என்னிடம் மறுபடியும் கேட்டாள். அந்தோனி அண்ணன் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் அது சிரிப்பால் வந்த தண்ணீர் மாதிரி இல்லை.

“எனக்காகப் பொய் சொல்லியிருக்காங்க டீச்சர். எல்லாரும். ஆனா அந்தப் பொய்யோட நான் அந்த வீட்டுக்குள்ள போனா, சாகுற வரைக்கும் அதக் காவல் காக்கிறது நான்தான? எங்கம்மா என்னப் பாக்க வரும்போதெல்லாம் பயந்துக்கிட்டு இருக்கணும். என்னால முடியாது. நாளைக்கு அவங்க வீட்டுக்குப் போறேன். நீங்க சும்மா கூட வாங்க.”

போனோம். டவுனில் கடைக்கு மேல் மாடியில் வீடு. தினேஷின் அம்மா சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தினேஷும் கொழும்பிலிருந்து வந்திருந்தான். எங்களைக் கண்டதும் இரண்டு பேருக்குமே என்ன செய்வதென்று தெரியவில்லை.

கௌசி உட்காரவில்லை.

“ஆன்ட்டி, நீங்க அனுப்பின ஆள்கிட்ட லயத்துல சொன்னது எல்லாமே பொய். நெசத்தச் சொல்லத்தான் வந்தேன்.”

“நான் யாரம்மா அனுப்பினேன்...” என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

தினேஷ் திரும்பினான். “அம்மா, ஆள் அனுப்பினீங்களா?”

அவனுக்கு உண்மையிலேயே தெரியாதா? இல்லை, தெரியாததுபோல் கேட்டானா? அவன் முகத்தையே உற்றுப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. என் தொழில் பிள்ளைகளின் பொய்யைக் கண்டுபிடிப்பது. வளர்ந்த பிள்ளைகளிடம் அது பலிப்பதில்லை.

“எனக்கு அதெல்லாம் இல்லம்மா” என்றார் அந்த அம்மா. “ஆனா சொந்தக்காரங்க கேப்பாங்கல்ல? நாளைக்கு நாலு பேரு கேட்டா நான் ஒரு பதில் சொல்லணுமே.”

எனக்கு அதெல்லாம் இல்லை! இந்த வசனத்தை எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறேன். யாருக்குமே அதெல்லாம் இல்லை. எல்லாம் சொந்தக்காரர்களுக்குத்தான். அந்தச் சொந்தக்காரர்களைத்தான் நான் இதுவரை எந்த வீட்டிலும் நேரில் கண்டதில்லை.

கௌசி குரலை உயர்த்தவில்லை. வார்டில் நோயாளிக்கு மருந்து சொல்வதுபோல் சொன்னாள்.

“எங்க தாத்தா தப்பு அடிச்சவர். சாவுக்கும் அடிப்பாரு, சாமிக்கும் அடிப்பாரு. தோட்டத்துல அவருக்குத் தேத்தண்ணி குடுக்கத் தனிச் சிரட்டை வச்சிருந்தாங்களாம். எங்கம்மா சொல்லியிருக்கு. நீங்க கேக்க அனுப்பினது இதுதான் ஆன்ட்டி. இனிமே ஆள் அனுப்ப வேணாம். வீடு தர்றேன்னு யாருக்கும் ஆசை காட்டவும் வேணாம்.”

 கீழே கடையில் யாரோ பருப்பு நிறுக்கும் சத்தம் மட்டும் மேலே வந்தது.

போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. அந்த அம்மாவின் காலைப் பார்த்தாள். அப்படியே தரையில் குந்தினாள்.

“கட்டு நனைஞ்சிருக்கே. குளிக்கும்போது பொலித்தீன் சுத்தச் சொன்னேன்ல?”

அந்த அம்மா காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். இழுக்கவில்லை. கௌசி கட்டை அவிழ்த்துப் பார்த்து, மருந்துப் பெட்டியை எடுத்துவரச் சொல்லி, புதிதாகக் கட்டினாள். கை கழுவினாள். “வர்றேன் ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் தினேஷ் மூச்சிரைக்க வந்து நின்றான்.

“எனக்குத் தெரியாது கௌசி. சத்தியமாத் தெரியாது.”

“இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல?” என்றாள் அவள். பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு தினேஷ் தனியாக லயத்துக்கு வந்தான். “நீயும் வந்துரு சாந்தி” என்று தெய்வானை என்னை முதல் நாளே கூப்பிட்டிருந்தாள். வந்தவனை லயம் முழுக்கச் சந்தேகத்தோடு பார்த்தது. பீலியில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடம் நிறைந்து வழிந்த பிறகும் நகரவில்லை. அந்தோனி அண்ணன், தன் புதிய உறவுமுறையை விட்டுக்கொடுக்காமல், சித்தப்பா மகளின் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

தினேஷ் மன்னிப்புக் கேட்டான். கல்யாணத்துக்கு அம்மாவைச் சம்மதிக்க வைப்பேன் என்றான். வைக்க முடியாவிட்டாலும் பதிவு செய்துகொள்வோம் என்றான். நன்றாகத்தான் பேசினான். நன்றாகப் பேசுகிறவர்களை எங்களுக்குத் தெரியும். தேர்தலுக்குத் தேர்தல் வருவார்கள்.

தெய்வானை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“தம்பி, நீங்க எங்களப் பத்தி விசாரிச்சீங்க. நாங்களும் ஒண்ணு விசாரிக்கணும். எங்க பிள்ளைக்கு நைட் டியூட்டி வரும். விடிஞ்சும் விடியாம வீட்டுக்கு வரும். அப்ப உங்க வீட்டுக் கதவ யாரு தொறப்பா?”

“நான் தொறப்பேன்” என்றான் சட்டென்று.

“நீங்க கொழும்புல இருப்பீங்களே.”

 தினேஷ் மெதுவாக, “அம்மாதான் தொறக்கணும்” என்றான்.

“அதத்தான் தம்பி நானும் கேக்கிறேன்.”

 போட்ட சோற்றைச் சாப்பிட்டான். தட்டைத் தானே கொண்டுபோய்க் கழுவி வைத்தான். போய்விட்டான்.

லயத்தின் தீர்ப்பு அன்று மாலையே வந்துவிட்டது. இனி வரமாட்டான். தொழிற்சங்கத்துக்காரர் பந்தயமே கட்டினார். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். கௌசி மட்டும் யூனிபோமை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த ஞாயிறு நான் கமலா வீட்டில் இருந்தபோது ஓட்டோ ஒன்று திணறித் திணறி மேலே வந்தது. தினேஷ் இறங்கினான். பின்னால் அவன் அம்மா. காலில் கட்டு, கட்டுக்கு மேல் பொலித்தீன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார்.

“வாங்க” என்றாள் தெய்வானை. அவ்வளவுதான். சிரிக்கவில்லை.

உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார். வெடிப்பைப் பார்த்தார். கூரையிலிருந்து ஒரு சட்டியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். தெய்வானை தேத்தண்ணியை நீட்டினாள்.

“ஐயோ, வேணாங்க. எனக்குச் சீனி வருத்தம்.”

ஆகா! வந்துவிட்டது என்று நினைத்தேன். எங்கள் வீடுகளில் வாய் நனைக்காமல் போகிறவர்கள் சொல்லும் காரணங்களை நான் ஒரு புத்தகமாகவே எழுதலாம். இப்போதுதான் குடித்தேன். விரதம். வயிறு சரியில்லை. சீனி வருத்தம் கொஞ்சம் புதுசு. நவீனம்!

உள்ளேயிருந்து கௌசியின் குரல் வந்தது. “சீனி போடல ஆன்ட்டி. உங்க ரிப்போர்ட் எனக்குத் தெரியாதா?”

பீலியில் இருந்தவர்கள், வாசலில் நின்றவர்கள், அந்தோனி அண்ணன், நான்... எல்லோரும் அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மனுஷி தேத்தண்ணி குடிப்பதை இத்தனை பேர் பார்ப்பது அநாகரிகம்தான். என்ன செய்வது?

குடித்தார். கடைசி மிடறு வரைக்கும்.

“சாயம் கொஞ்சம் கூடிப்போச்சு” என்றார்.

“நல்ல தூள் எல்லாம் கப்பல்ல போயிருதுங்க. எங்களுக்குக் கிடைக்கிறது இதுதான்” என்றாள் தெய்வானை.

அந்த அம்மா கிளாஸைக் கீழே வைத்தார். “கதவு விசயம் கேட்டீங்களாம். தினேஷ் சொன்னான். கால் வலியில எனக்கு விடியக்காலைல தூக்கம் இருக்கிறதில்ல. நானே தொறப்பேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “வீடு தர்றேன்னு சொல்லச் சொன்னது நான் இல்லிங்க. அந்த ஆளாச் சொன்னது. இருந்தாலும் அனுப்பினது நான்தான். தப்புதான்.”

தெய்வானை தண்ணீர் சொட்டும் சட்டியைக் காலால் கொஞ்சம் தள்ளி வைத்தாள். பிறகு, “சாப்பிட்டுப் போகலாம்” என்றாள்.

கல்யாணம் ஆவணியில்.

இங்கேயே நிறுத்தினால் வாசகர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். என்னால் முடியவில்லை. அன்று இறங்கி வரும்போது எனக்கு வேறொரு சந்தேகம் வந்துவிட்டது. காலில் ஆறாத புண்... கொழும்பில் மகன்... வீட்டில் தனியாக ஒரு அம்மா... வீட்டுக்குள்ளேயே ஒரு நர்ஸ் வந்தால் யாருக்கு லாபம்? மனசு மாறியதா, அல்லது கணக்குச் சரியாக வந்ததா?

மனதில் வைத்திருக்க முடியாமல் இரண்டு வாரம் கழித்துக் கௌசியிடமே கேட்டுவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. “அதையும் யோசிச்சேன் டீச்சர்” என்றாள். “கட்டு மாத்துறத தினேஷுக்குச் சொல்லிக் குடுத்திட்டேன். இப்ப லீவுக்கு வந்தா அவன்தான் மாத்துறான். மொத தடவை மயக்கம் போட்டு விழுந்துட்டான். இப்பப் பரவால்ல.”

“அவங்க மனசு உண்மையிலேயே மாறிடுச்சுன்னு நம்புறியா?”

“தெரியல டீச்சர். அவங்க மனசுக்குள்ள போய்ப் பாக்க எனக்கு வழி இல்ல. அவங்க நடக்கிறதப் பாத்துக்கிட்டே இருப்பேன். நான் வேலைய விடப் போறதில்ல. எங்கம்மா வந்து போறத யாரும் தடுக்கக் கூடாது. அத ரெண்டு பேருகிட்டயும் சொல்லிட்டேன்.”



நேற்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் இந்தக் கல்யாணப் பேச்சு வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். படித்த சமூகம் இப்படித்தான் மாற வேண்டும் என்றார் ஒருவர். காலம் எவ்வளவோ மாறிவிட்டது என்றார் இன்னொருவர். மேடைகளில் சமத்துவத்தைப் பற்றி அழகாகப் பேசும் ஒரு சீனியர் டீச்சர், மணி அடித்து எல்லோரும் எழுந்து போன பிறகு, கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“நல்ல விசயம் சாந்தி டீச்சர். ரொம்ப முற்போக்கு. எனக்கு அதெல்லாம் இல்ல, சும்மா கேக்கிறேன்... அந்தப் பிள்ளை என்ன ஆளு?”

“நர்ஸ்” என்றேன்.